எஸ்.டபிள்யூ.ஆர். காட்டாத சேதாரம்: ஒரு லூப் ஆன்டெனாவுடன் சில ஆண்டுகள்

அமெச்சூர் வானொலியில் 40 மீட்டர் பட்டைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) அரை அலை டைபோல் என்ற நேர்க்கம்பி ஆன்டெனா கட்ட ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். சென்னையில் கடலை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடிப் பக்கமே ஆன்டெனாவுடன் போகக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அதனால் பால்கனியில் நிற்கும் ஒரு மீட்டர் விட்டமுள்ள மேக்னெட்டிக் லூப் என்ற வளைய ஆன்டெனா ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அலுமினியக் குழாய் வளையம். மேலே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், வளையத்தை வேண்டிய அலைவரிசைக்கு இசைக்கும் பட்டர்ஃப்ளை கெபாசிட்டர். அதைத் திருப்ப ஒரு மோட்டார்.

வந்து சேர்ந்த அட்டைப்பெட்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளேதான் விவகாரம். கனமான கெபாசிட்டரையும் மோட்டாரையும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியில் நான்கு திருகுகளால் தொங்கவிட்டு, அப்படியே அனுப்பியிருந்தார்கள். யாரோ எங்கோ ஒரு முறை கீழே போட்டால் போதும். திருகுத் துளைகளைச் சுற்றி விரிசல், மோட்டார் தண்டின் இணைப்பு உடைசல், கெபாசிட்டர் தகடுகளில் இரண்டு வளைந்து பக்கத்துத் தகட்டை உரசும் நிலை. விற்றவர் கூரியரைக் கைகாட்டினார், கூரியர் பேக்கிங்கைக் கைகாட்டியது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் புதுப் பெட்டியும் இணைப்பும் வந்தன. கெபாசிட்டர் வரவில்லை. தகடுகளை நானே நிமிர்த்தினேன்.

அந்த வளைவு அற்ப விஷயம் அல்ல. 50 வாட் செலுத்தினாலே இந்த வளையத்தில் இருபது ஆம்பியருக்கு மேல் ஓடும். கெபாசிட்டரின் முனைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். தகடுகளின் இடைவெளி ஓரிடத்தில் பாதியானால் அங்கே பொறி பறக்கும். முதல் மாதங்களில் 30 வாட்டைத் தாண்டினாலே பெட்டிக்குள் படபடவென்று சத்தம் கேட்டது.

பொறியாவது காதில் விழுந்துவிடும். வளையம் கெபாசிட்டரோடு சேரும் மூட்டுகளில் நேர்ந்த கேடு சத்தமில்லாமல் வளர்ந்தது. இந்த அளவு வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தியை வானலையாக அனுப்பும் பங்கு, 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 மில்லிஓம்தான். சக்தியைச் சூடாக வீணாக்கும் குழாயின் இழப்புத் தடையே அதைப்போலப் பல மடங்கு. இந்தக் கணக்கில் ஒரு மோசமான மூட்டு சேர்த்துவிடும் சில பத்து மில்லிஓம்கள் பெரிய களவு. என் ஆன்டெனாவில் குழாயின் முனையைத் தட்டையாக்கி, வெல்டிங் எதுவும் இல்லாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டால் பித்தளைத் தகட்டோடு இறுக்கியிருந்தார்கள். அலுமினியமும் பித்தளையும் உப்புக்காற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தொழிற்சாலையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு மட்டும் அப்போதும் ஒன்றரைக்குக் கீழேயே நின்றது. இழப்பு கூடினாலும் வளையத்துக்குச் சக்தி ஊட்டும் சிறு கப்ளிங் லூப்பைச் சற்று நகர்த்தினால் மீட்டர் சமாதானமாகிவிடும். உண்மையைச் சொல்வது பட்டை அகலம்: இழப்பு கூடக் கூட அது விரியும். நானோ விஎன்ஏ என்ற சிறிய ஆன்டெனா அளவைக் கருவியை வைத்துப் பார்த்தபோது 40 மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டுக்குள் அடங்கும் அகலம் 7 கிலோஹெர்ட்ஸ். மூட்டுகளைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, அலுமினிய மூட்டுகளுக்கான மின்கடத்துப் பசை தடவி இறுக்கிய பிறகு அது 4 ஆகச் சுருங்கியது. அதாவது அதுவரை வானுக்குப் போயிருக்க வேண்டிய சக்தியில் பாதியை நெருங்கும் அளவு மூட்டுகளிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. "பட்டை அகலம் அதிகம்" என்று விளம்பரத்தில் பெருமையடிக்கும் லூப்களைக் கண்டால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது.

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. 20 மீட்டர் பட்டையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. அங்கே கதிர்வீச்சுத் தடை பதினாறு மடங்கு. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சலை வளையத்தைத் திருப்பியே பெருமளவு அடக்கிவிட முடிகிறது. மோட்டார் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை.

இதே வடிவமைப்பை யாராவது வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வளையம் கெபாசிட்டரோடு சேரும் இடம் வெல்டிங்கா, போல்ட்டா? கெபாசிட்டரைத் தனியாக நுரைப் பொதிக்குள் வைத்து அனுப்புவீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், செம்புக் குழாய் வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்வது மேல். என் அடுத்த வளையம் அப்படித்தான் தயாராகிக்கொண்டிருக்கிறது.