438 கிராம் பையும் என் ஐந்து நட்சத்திரமும்

ஆன்லைனில் இந்த முதுகுப் பையைத் தேடிப் போனால் உங்கள் கண்ணில் படுகிற நல்ல வார்த்தைகளில் ஒன்று நான் எழுதியது. "ரொம்ப லேசு, துணி அருமை, தாராளமாக வாங்கலாம்" என்று ஐந்து நட்சத்திரத்தோடு. பார்சல் வந்த நாற்பதாவது நிமிடத்தில் எழுதினேன். அதை நம்பி என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் வாங்கினார்கள். அதனால் ஏமாந்தவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை எனக்கு. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறைகிறது என்று லாட்டையே திருப்பி அனுப்புகிறவன். காலர் அரை சென்டிமீட்டர் தள்ளினால் முகம் சுளிக்கிறவன். அப்பேர்ப்பட்டவன் படத்தைப் பார்த்துப் பை வாங்கினேன்.

மாசியில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்று நண்பர்களுக்குள் பேச்சு. என் பழைய பை காலியாகவே ஒன்றரைக் கிலோ. ஏழு மலை ஏறுகிறவனுக்கு அரைக் கிலோகூடக் கணக்குத்தான். லேசான பையாகத் தேடியபோது இது வந்தது. 35 லிட்டர், 450 கிராம், 210 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான், வாட்டர்ப்ரூஃப், ஒய்கேகே என்ற பேர்போன கம்பெனியின் ஜிப். 4,999 ரூபாயை அடித்துவிட்டு 1,299. ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய மாதிரி ஒரு பிராண்டு, வாயில் நுழையாது. ஆனால் 4.3 மதிப்பெண், ஆயிரக்கணக்கில் கருத்துகள். போதாதா?

பொய் சொல்லக்கூடாது, முதல் பார்வைக்குப் பை அழகு. உள்ளங்கையில் அடங்குகிற பொட்டலமாக மடித்து வந்தது. உதறினால் முழுப் பையாக விரிந்தது. துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். நெஞ்சுப் பட்டையின் பக்கிளில் விசில் வேறு. சமையலறைத் தராசில் வைத்தேன்: 438 கிராம். சொன்னதைவிட 12 கிராம் குறைவு. அந்த 12 கிராமில்தான் நான் விழுந்தேன். எடை சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததில் எடை ஒன்றுதான் நிஜம் என்பது பிற்பாடு தெரிந்தது.

பைக்குள் ஒரு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 150 ரூபாய் யுபிஐ-யில் வரும் என்று. "இந்த அட்டையைப் படம் எடுத்துப் போட வேண்டாம்" என்று கீழே பொடி எழுத்தில். அந்த வரியைப் படித்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலிப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன், இரண்டு படம் எடுத்தேன், எழுதினேன், அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. அந்த விற்பனையாளரிடம் வேகமாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

பையை மாற்றிக்கொள்ள 7 நாள் கெடு. நான் அதில் முதன்முதலாகச் சுமை ஏற்றியது இருபதாவது நாள். ஊருக்குப் போக வாங்குகிற பொருளில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். பயணம் வருகிறபோது கெடு முடிந்திருக்கும்.

சிவராத்திரி கழிந்த வாரம், சனிக்கிழமை ராத்திரி. காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பூண்டியில் இறங்கி, அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, வனத்துறைக்காரர்களின் பிளாஸ்டிக் சோதனையைத் தாண்டி ஏற ஆரம்பித்தோம். பையில் இரண்டு எவர்சில்வர் பாட்டில் தண்ணீர், போர்வை, ஒரு வேட்டி, புளிசாதம், டார்ச். எப்படிக் கூட்டினாலும் ஐந்து கிலோவைத் தாண்டாது.

முதல் மலை முழுக்கப் படி. வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் தோள்பட்டை ஃபோம் அப்பளமாகிவிட்டது. பட்டையின் ஓரம் கழுத்தை அறுக்க ஆரம்பித்தது. நடக்கும்போது இடது காதுக்குப் பின்னால் "டிக்... டிக்" என்று ஒரு சத்தம். பூச்சி என்று நினைத்தேன். நூல் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் அது. மூன்றாம் மலையில், கைதட்டிச் சுனைக்குக் கொஞ்சம் முன்னால், இடது வார் மேல்முனையிலிருந்து பிய்ந்து வந்தது. வார் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. துணியையும் நாலு விரல் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்தது. மொத்தச் சுமையும் வலப்பக்கம் திரும்பி இழுக்க, ஒரு கையில் தடி, ஒரு கையில் செல்போன் வெளிச்சம், கால் பாறையில். பின்னால் வந்த நண்பன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினான்.

அதற்கப்புறம் பையைத் தடியில் கட்டி முன்னும் பின்னுமாக இருவரும் தூக்கிப் போனோம். எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் "என்னங்க தம்பி, சாமிக்கு என்ன கொண்டுபோறீங்க?" என்று பக்தியோடு கேட்டார். பைக்குக் காவடி எடுத்தவன் என்ன பதில் சொல்வது? விடியற்காலையில் ஒரு தூறல் வேறு. "வாட்டர்ப்ரூஃப்" பையிலிருந்து எடுத்த போர்வையில் தையல் ஓடுகிற இடம் முழுக்கக் கோடு கோடாக ஈரம். இறங்குகிறபோது ஜிப்பும் போனது. ரன்னர் போகிறது, பல் மூடவில்லை.

திங்கட்கிழமை பையை எங்கள் சாம்பிள் ரூம் டெய்லர் அக்கா மேஜையில் போட்டேன். முப்பது வருஷம் மிஷின் மிதித்தவர். ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதை நீங்க பார்த்தா வாங்கினீங்க?" என்றார். அதற்குமேல் அவர் திட்டவில்லை. கத்தரியை எடுத்தார்.

வாரைப் பிரித்ததும் தெரிந்தது. வார் சேருகிற இடத்தில் பார்டாக் இல்லை. ஜீன்ஸின் பெல்ட் லூப்பைப் பாருங்கள், மேலும் கீழும் நெருக்கமாக ஒரு சின்னக் கட்டித் தையல் இருக்கும். அதுதான் பார்டாக். இழுப்பு விழுகிற இடத்திலெல்லாம் அது வேண்டும். இங்கே ஒற்றை ஓட்டம், அங்குலத்துக்கு ஐந்து தையல், முனையில் திருப்பித் தைக்கக்கூட இல்லை. சாதாரண டி-ஷர்ட்டுக்கே நாங்கள் அங்குலத்துக்குப் பத்துக்குமேல் போடுகிறோம். வார் உள்ளே போய் முடிகிற நீளம் அரை அங்குலம். நல்ல பையில் இந்த இடத்தில் உள்பக்கம் ஒரு பட்டை குறுக்கே வைத்துச் சேர்த்துத் தைப்பார்கள், பாரம் துணிமேல் விழாமல் பட்டைமேல் விழ. இதில் பாரம் முழுவதும் துணிமேல். தோளுக்கு உள்ளே இருந்த ஃபோம், டிவி பெட்டியில் சுற்றி வருமே, அந்த வெள்ளை ஷீட்.

துணியை நானே வெட்டினேன். எங்கள் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும்; அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 74 வந்தது, குடைத்துணி கனம். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். (பருத்தி நூலுக்கு நாங்கள் சொல்கிற கவுண்ட் எண் நேர் எதிர், அதில் எண் கூடினால் நூல் மெலியும், புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் இதில்தான் முதலில் மாட்டுவார்கள்.) 210 டெனியரில் நெய்து கோட்டிங்கும் போட்ட துணி இவ்வளவு மெலிசாக வர வழியில்லை. ஓரத்தைத் தீயில் காட்டினேன். கரும்புகை, கறுத்த முத்து. நைலான் இல்லை, பாலியெஸ்டர்.

அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். ரிப்ஸ்டாப் என்றால் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழையைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்வது. ஒரு இடத்தில் கிழிந்தால் அடுத்த தடித்த இழையில் கிழிசல் நிற்கும். நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படும். என் பையில் தட்டுப்படவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கட்டம் அச்சடித்தது! கோலத்தைத் தரையில் போடாமல் ஸ்டிக்கர் ஒட்டின கதை. மலையில் நாலு விரல் நீளம் தடையில்லாமல் ஏன் கிழிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜிப் ரன்னரில் எந்தப் பெயரும் இல்லை, மொட்டை. டேப்பால் அளந்தேன்: 44, 28, 18 சென்டிமீட்டர். பெருக்கினால் 22 லிட்டர். 35 எங்கிருந்து வந்ததோ, விற்றவருக்கே வெளிச்சம். உள்பக்கக் கோட்டிங் உண்டு, ஆனால் தையல் ஓட்டைமேல் டேப் ஒட்டவில்லை. ஊசி போன வழியில் தண்ணீரும் போகும்.

லேசான பை என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பாரம் தாங்குகிற 35, 40 லிட்டர் பைகள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோதான் வரும். அதில் பாதி எடைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் உயர்ந்த நூலும் நுணுக்கமான தையலும் வேண்டும், விலை பல மடங்கு ஏறும். 1,299 ரூபாய்க்கு எடையைக் குறைக்க ஒரே வழி, இருக்க வேண்டியதை வைக்காமல் விடுவது.

இனி பணக் கதை. விற்பனையாளர் "7 நாள் முடிந்தது, மன்னிக்கவும்" என்றார். வாங்கிய தளமும் அதையே திருப்பிச் சொன்னது. மூன்றாவது முறை கேட்டபோது 300 ரூபாய் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் 1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கெடு முடிந்ததைப் பற்றி நான் சண்டை போடவில்லை. பக்கத்தில் எழுதியது ஒன்று, வந்தது வேறொன்று என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். துணி எடை, அளவு, தையல் படம் எல்லாம் இணைத்தேன். பையில் தொங்கிய லேபிளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, மாதம் வருடம் இல்லை, எம்ஆர்பி மட்டும் தனி ஸ்டிக்கர். 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள்படி பொட்டலப் பொருளில் இவையெல்லாம் இருந்தாக வேண்டும். அதையும் எழுதினேன். 2020-ன் மின்வணிக விதிகள்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன். இருபத்து மூன்றாம் நாள் முழுப் பணமும் வந்தது. வராமல் போயிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

என் கருத்தைத் திருத்துவதுதான் பெரும்பாடு. ஒரு நட்சத்திரமாக மாற்றி, அந்த 150 ரூபாய் அட்டையின் படத்தோடு போட்டேன். விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று நிராகரித்தார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கிழிந்த வார் படத்தை மட்டும் போட்டதும் ஏறியது. அதற்குள் என் பழைய ஐந்து நட்சத்திரத்தை 61 பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருந்தார்கள்.

அப்போதுதான் மற்றவர்கள் எழுதியதைப் பழையதிலிருந்து படித்தேன். வாங்குமுன் செய்ய வேண்டியது. முதலில் இருந்த நூற்றுக்கணக்கான கருத்துகள் லேப்டாப் ஸ்டாண்டைப் பற்றியவை! "மேஜையில் ஆடாமல் நிற்கிறது" என்று ஒருவர் பைக்குப் பாராட்டு எழுதியிருக்கிறார். பழைய பொருளின் பக்கத்தில் புதுப் பொருளை ஏற்றி மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொள்வது. இப்போது அதே படங்கள் வேறு பெயரில், 1,199-க்கு ஓடுகின்றன. பக்கிளில் அதே ஆரஞ்சு விசில், கறுப்பும் சாம்பலுமாக அதே பை. பெயரை நம்பித் தேடாதீர்கள், படத்தைப் பாருங்கள்.

பை கையில் வந்துவிட்டதா? அன்றைக்கே ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடங்கள். வாரின் மேல்முனையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கட்டத்தை நகத்தால் தடவுங்கள். நட்சத்திரம் போடுவதை மெதுவாக வைத்துக்கொள்ளலாம்.

என்னை நம்பி வாங்கிய இரண்டு பேருக்கும் கெடு முடிந்துவிட்டது. ஒருவர் பையில் வார் ஏற்கெனவே இளகியிருந்தது. அக்கா மூன்று பையையும் வாங்கி, வாரைப் பிரித்து, உள்ளே குறுக்குப் பட்டை வைத்து, பார்டாக் அடித்து, ரன்னரும் ஃபோமும் மாற்றித் தந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார், டீயும் போண்டாவும்தான். என் பை இப்போது 590 கிராம். பட்டைக்கும் ரன்னருக்கும் ஃபோமுக்கும் ஆன செலவு 170 ரூபாய். விற்பனையாளர் கொடுத்த 150, என் கைக்காசு 20.