ஊர் எப்போதும் எதிர்ப்பக்க ஜன்னலில்

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக நினைக்கும் தோட்டத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, அந்தக் காற்றாடி விமானத்தில் அடிக்கடி போகிறீர்களே, காற்றாடி நின்றுவிட்டால் என்ன ஆகும்?" இரண்டு இருக்கிறது தம்பி, ஒன்று நின்றால் மற்றொன்றில் இறங்கிவிடலாம் என்றேன். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மகள் பினாங்கில் வேலைக்குப் போனதிலிருந்து, 2008 முதல், கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து ஃபயர்ஃபிளை விமானத்தில் போய்வருகிறேன். மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக அது பறக்கத் தொடங்கியது 2007 ஏப்ரலில். அதே ஆண்டில்தான் பத்தாங் பெர்ஜுந்தை என்ற எங்கள் ஊரும் பெஸ்தாரி ஜெயா ஆனது. (பழைய பெயரைக் கேட்டு மலாய்க்காரர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதை விளக்கப்போவதில்லை.) ஃபயர்ஃபிளை என்றால் மின்மினி. எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் சிலாங்கூர் ஆறு கீழே கம்போங் குவாந்தானுக்குப் போனால், கரை மரமெல்லாம் மின்மினிதான். அதனால் முதல் நாளிலிருந்தே நம்மூர் விமானம் என்று ஓர் உரிமை எனக்கு.

முதலில் ஏறியது ஃபொக்கர் 50. அதைச் செய்த டச்சு நிறுவனம் 1996இலேயே திவாலாகிவிட்டது. இறங்கும் நேரத்தில் எஞ்சின் கூட்டுக்குள்ளிருந்து சக்கரம் நீண்ட காலோடு வெளியே வரும், கொக்கு வயலில் இறங்குவதுபோல. என் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஏறத் தொடங்கிய 2008இலேயே ஏடிஆர் 72-500 என்ற காற்றாடி விமானம் வரத் தொடங்கியது. பிரெஞ்சு, இத்தாலியக் கூட்டுத் தயாரிப்பு. இதன் சக்கரம் வயிற்றோரப் புடைப்புக்குள் மடங்கிவிடுவதால் கொக்குக்கால் போயிற்று. ஆனால் பின்பக்கக் கதவே படியாக விரிகிறது, ஐந்தாறு படிதான். முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு இந்த ஒன்றே போதும். காற்றாடிக்கு நேரே உட்கார்ந்தால் மட்டும் மாவாட்டும் கிரைண்டருக்குப் பக்கத்தில் தூங்க முயன்றதுபோல் இருக்கும். பின்வரிசையைக் கேளுங்கள், இறங்குவதும் முதலில்.

இடையில் 2011இல் போயிங் 737 ஜெட் ஆசை வந்து, அதே ஆண்டில் போகவும் செய்தது. எனக்கு வருத்தமில்லை. ஜெட்டில் ஏறினால் மேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏறாது, இறக்கையும் தலைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே மறைக்க ஒன்றுமில்லை. சுபாங் ஓடுபாதையின் வடமுனை ஏறக்குறைய எங்கள் ஊரைப் பார்த்தே நீள்கிறது. அந்தப் பக்கம் கிளம்பினால் சில நிமிடங்களில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகள், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், ஆற்றின் வளைவு எல்லாம் வரும். ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். குட்டைகள் ஒவ்வொன்றாக வெயிலில் பளிச்சிட்டு அணைந்தன. நாங்கள் குடியிருந்த லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, இல்லை. அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் சீவிய நிரையும் இல்லை, எல்லாம் செம்பனை. மண்ரோடு வளையும் விதத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். மனைவியைக் கூப்பிடுவதற்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனை பயணம்! இடப்பக்கம் உட்கார்ந்தால் ஊர் வலப்பக்கம் போகிறது, வலப்பக்கம் மாறினால் இடப்பக்கம். அங்கே ஜன்னலோரத்தில் இருப்பவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். ஒருநாள் வெட்கத்தை விட்டு ஓர் இளைஞரிடம் இடம் மாற்றிக் கேட்டேன். நல்ல பிள்ளை, உடனே எழுந்தார். அன்று சுபாங்கிலிருந்து பினாங்குவரை ஒரே மேகம். யாரைத் திட்டுவது? ஒரு மணி நேரப் பயணத்தில் ஐம்பது நிமிடம் கழுத்துவலியோடு கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே தம்பி, வசதி, படி, நேரம் எல்லாம் நல்லதுதான், ஆனாலும் நீங்கள் பஸ்ஸிலேயே போங்கள். தைப்பூச வாரத்தில் டிக்கெட் விலையும் கையைச் சுடும். கேட்காமல் விமானத்தில்தான் போவேன் என்றால் வலப்பக்க ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதப் பயணத்துக்கு நான் இடப்பக்கம் எடுத்துவிட்டேன்.