மன்னார் வளைகுடா படகுப் பயணம்: எங்கள் 24,500 ரூபாய் போச்சு

நேற்று இரவுதான் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பினோம். கோபம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன். முன்பதிவு செய்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏழு பேர், தலைக்கு 3,500, மொத்தம் 24,500 ரூபாய். சமூக ஊடகத்தில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் ஒரு பக்கம், பெயர் வேண்டாம். குருசடைத் தீவில் இறங்கலாம், பவளப்பாறை பார்க்கலாம், ஆவுளியா (கடல்பசு) 'நிச்சயம்' காட்டுவோம் என்றார்கள். அந்த 'நிச்சயத்திலேயே' எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முழுப் பணமும் கேட்டபோது தயங்கினேன். உடனே அந்தப் பக்கத்தை நடத்தும் ஆள் போன் செய்தார். "உங்க குரூப்ல நீச்சல் தெரியாதவங்க எத்தனை பேர் சார்? பாப்பாவுக்குச் சின்ன லைஃப் ஜாக்கெட் எடுத்து வைக்கணும்" என்றார். மகளின் எடையைக்கூடக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரா ஏமாற்றப்போகிறார்? ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வனத்துறை அனுமதி என்று முத்திரை போட்ட தாளின் படமும் வந்தது. அதைப் பெரிதாக்கித் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்குக் குந்துகால் கரையில் ஈ காக்கை இல்லை. ஏழரைக்கு நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வந்தார். அந்த ஆள் அவரிடம் பேசியிருந்தது கரையோரம் ஒரு மணி நேரச் சுற்று, 2,000 ரூபாய். அந்தப் பணத்தையும் அவருக்குத் தரவில்லை. தீவு என்றதும் பதறிவிட்டார். "21 தீவும் தேசியப் பூங்கா தம்பி. அனுமதி இல்லாம கால் வச்சா என் படகைப் பிடிச்சிருவாங்க." ஆவுளியாவை முப்பது வருடத்தில் நாலு தடவைதான் பார்த்திருக்கிறாராம். லைஃப் ஜாக்கெட் மூன்றே மூன்று, எல்லாம் பெரியவர்களுக்கானது. நாங்கள் ஏறவில்லை. மகள் வரைந்து எடுத்துவந்த ஆவுளியா படத்தை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

பணம் வாங்கிய ஆளுக்குப் போன் செய்தேன். முதல் அழைப்பில், "தென்கடல்ல காத்து ஜாஸ்தி சார், இயற்கை நம்ம கையிலயா இருக்கு?" கடல் குளம் மாதிரிக் கிடந்தது! அடுத்து, "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேன்." அப்புறம், "பணம் திரும்பக் கிடைக்காதுன்னு அன்னைக்கே மெசேஜ் போட்டோமே." மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏழு பேரையும் நீக்கிவிட்டார். 24,500 ரூபாய்! ரயிலும் அறையும் தனிச் செலவு. சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். தீவுக்கு அனுமதி உண்டா என்று வனத்துறை அலுவலகத்திலேயே கேளுங்கள். ஆவுளியா நிச்சயம் என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.