மே மாதத்தில் அகபாந்தஸ் தூர் பிரிக்க நாலு பல் எஃகு ஃபோர்க்: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துச் சரிவுத் தோட்டங்களில் மண் இறங்காமல் பிடித்து நிற்கும் செடிகளில், நீலமாகவோ வெள்ளையாகவோ கொத்துப்பூ விடும் அகபாந்தஸுக்கு முதலிடம் கொடுக்கலாம். நாலைந்து வருடத்தில் தூர் நெருங்கிவிடும், நடுவில் இருப்பவை பூப்பது குறையும். பூ ஓய்ந்த பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் பிரித்து நடுவதே நல்லது. அதைத் தவறவிட்டு, இங்கே குளிர் தொடங்கும் மே, ஜூனில் இறங்குபவர்களுக்கு ஸ்பேடைவிட (தட்டை அலகு மண்வெட்டி) நாலு பல் ஃபோர்க்தான் (மண்ணில் குத்திக் கிளப்பும் முட்கருவி) ஏற்றது. ஸ்பேட் வேரை அறுத்துவிடும். மண் குளிர்ந்தபின் புதுவேர் மெதுவாகத்தான் விடும், மழையும் குறைந்துவிடும். வேர் சேதமில்லாமல் கிளப்பிய கன்றுதான் செப்டம்பர் வரை தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது விலையைவிடப் பற்களைப் பாருங்கள். தலையும் பற்களும் ஒரே துண்டாக அடித்துச் செய்தவையாக, சதுர வாட்டத்தில், 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். தகட்டில் வெட்டிய தட்டையான பற்கள் முதல் பெரிய தூரிலேயே வளையும், அதிலும் ஓரத்துப் பல்தான் முதலில் போகும். மரக் கைப்பிடி கனம் குறைவு, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நெம்பும்போது தலையோடு சேரும் இடத்தில்தான் முறியும். முழு எஃகு கனமானது என்றாலும் இந்த வேலைக்கு என் ஓட்டு அதற்கே.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். தூரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, ஃபோர்க்கை நேராக முழு ஆழத்துக்கு மிதித்து இறக்கி, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கொடுங்கள். ஒரே பக்கத்தில் கடப்பாரைபோல் நெம்பினால் பல்லும் போகும், வேரும் போகும். கிளப்பியதும் மண்ணை உதறினால் குருத்துகள் பிரியும் இடம் தெரியும். அங்கே இரண்டு ஃபோர்க்குகளை முதுகோடு முதுகாகக் குத்தி, கைப்பிடிகளை நெருக்கி, விலக்கி, மறுபடி நெருக்க, தூர் தானாகப் பிளக்கும். இரண்டாவதைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினால் போதும். சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், கையுறை போடுங்கள்.

தாமதமாகப் பிரிக்கும்போது சின்னதாகப் பிரிக்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு துண்டில் இரண்டு மூன்று குருத்தாவது இருக்கட்டும். ஒற்றைக் குருத்து பிழைத்தாலும் பூக்க இரண்டு வருடம்கூட ஆகும். இலையைப் பாதியாக வெட்டுங்கள், ஒடிந்த வேரை மட்டும் நறுக்குங்கள், முன்பிருந்த அதே ஆழத்தில் 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். குருத்தடி மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். நட்டு நாலைந்து வாரம் கழித்துச் செடி சரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம், குளிர் மேல் பழி போடுவார்கள். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர், பிறகு மழை வரும்வரை வாரம் ஒன்று. மூடாக்கைத் தண்டைத் தொடாமல் போடுங்கள். உரம் செப்டம்பருக்குப் பிறகுதான்.

இது கடலோரக் கணக்கு. பனி விழும் உள்நாட்டில் மே மாதத்தில் தொடாமல் ஆகஸ்ட் கடைசிவரை பொறுப்பதே சரி.

நிழலில் வளரும் பூச்செடியான கிளைவியாவுக்கு இந்த ஃபோர்க் வேண்டாம். அதன் தடித்த சதைவேரில் பல் குத்தினால் அந்தக் காயத்தில் அழுகல் தொடங்கும். தவிர, வசந்தத்தில் வரவேண்டிய மொட்டு இப்போதே உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். பூ முடிந்தபின் கையால் பிரியுங்கள். பறவைத் தலைபோல் பூக்கும் ஸ்ட்ரெலிட்ஸியாவையும் இப்போது விட்டுவிடுங்கள், அது குளிர்காலத்தில் பூப்பது, வேரைக் கலைத்தால் நெடுநாள் பூக்காமல் நிற்கும்.

முழு எஃகு ஃபோர்க்கில் கனத்தைத் தவிர உள்ள குறை துரு. உப்புக்காற்றில் வெல்டிங் ஓரத்தில்தான் அது முதலில் பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தேய்த்து, தரையில் படாமல் தொங்கவிடுங்கள்.