மகனின் மூளைக் கட்டி அறுவை: நாங்கள் 19 நாள்கள் தங்கிய பிரிவைப் பற்றி

எங்கள் மகனுக்கு 7 வயது. அவனுடைய சிறுமூளையில் இருந்த கட்டியை அகற்றுவதற்காகச் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவில் 19 நாள்கள் தங்கியிருந்தோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. கட்டியை எடுத்தவரின் கைத்திறனை மதிப்பிட எனக்குத் தகுதி இல்லை. எங்களுக்கு எதை, எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்பதை மதிப்பிட ஒரு தாய்க்குத் தகுதி உண்டு என்று நம்புகிறேன். அந்த அளவில்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே போய்ச் சேருவதற்கே ஆறு வாரங்கள் ஆயின. காலையில் எழுந்தவுடன் தலையைப் பிடித்துக்கொள்வான், வாந்தி எடுப்பான், சற்று நேரத்தில் தெளிந்து பள்ளிக்குக் கிளம்பிவிடுவான். வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தோம், பூச்சி மருந்தும் கொடுத்தோம். நடையில் தள்ளாட்டம் வந்தபோது செருப்பு பெரிதாக இருக்கிறது என்று எண்ணி வேறு வாங்கினேன். கடைசியில், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று அவன் சொன்னதால் கண் மருத்துவரிடம் போனோம். அவர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். காலையில் மட்டும் வருகிற தலைவலியையும் வாந்தியையும் பிள்ளையிடம் கண்டால் காத்திராதீர்கள்.

முதல் சந்திப்பில் அறுவை நிபுணர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். மூளைக்குள் சுரக்கும் நீர் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது, நான்காவது அறையில் கட்டி அடைத்துக்கொண்டிருப்பதால் அது எப்படித் தேங்குகிறது, இரவெல்லாம் படுத்திருப்பதால் விடியலில் அழுத்தம் ஏன் கூடுகிறது என்று பத்து நிமிடத்தில் எங்களுக்குப் புரிய வைத்தார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி இன்றும் வைத்திருக்கிறேன். வீக்கம் குறைவதற்காக அன்றே டெக்ஸாமெத்தசோன் தொடங்கினார்கள். பசி கூடும், எரிச்சல் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவன் தயிர்சாதம் கேட்டு அழுதபோது நாங்கள் கலங்காமல் இருந்ததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

அறுவை நாளன்று காலை 7.20க்கு அவனை அழைத்துப் போனார்கள். மயக்கம் வரும்வரை பெற்றோரில் ஒருவர் உள்ளே இருக்கலாம் என்பது அங்குள்ள வழக்கம். நான் பச்சை அங்கி அணிந்து அவன் கையைப் பிடித்திருந்தேன். முகமூடியை வைத்ததும் என் சுண்டுவிரலை இறுக்கிய பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு வெளியில் காத்திருந்த ஒன்பது மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரங்கிலிருந்து ஒரு செவிலியர் என் கைப்பேசிக்கு அழைத்தார். "குப்புறப் படுக்க வெச்சாச்சும்மா, இனிமேதான் ஆரம்பிக்கிறாங்க" என்றார் முதலில். "கட்டிய எடுத்துட்டு இருக்காங்க, பிரஷர் நல்லா இருக்கு" என்றார் அடுத்து. அதிகம் போனால் அரை நிமிடம்தான் பேசியிருப்பார். அந்தக் கூடத்தில் நான் அழாமல் உட்கார்ந்திருந்தது அந்த அழைப்புகளால்தான். முகம் வீங்கியிருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று கடைசி அழைப்பில் சொல்லியிருந்ததால், தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனை அடையாளம் தெரியாமல் நான் திகைக்கவில்லை.

அங்கிருந்த செவிலியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்கிய நீர் வெளியேற மண்டையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அதன் அளவுக்குப்பி காது மட்டத்தை ஒட்டிச் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். கட்டிலை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் முதலில் குழாயை அடைத்துவிட்டு, மட்டம் பார்த்த பிறகே திறக்க வேண்டும். பணிமுறை மாறும்போதெல்லாம் புதிதாக வந்த சிஸ்டர் குனிந்து அந்த மட்டத்தைச் சரிபார்த்தார்; ஒரு முறையும் தவறவில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு முகம் சுளிக்காமல் விளக்கினார்கள், என்னையும் பார்க்கப் பழக்கினார்கள்.

குறை இனிதான் வருகிறது. அறுவை முடிந்த அன்று மாலை கண் விழித்து "அம்மா, தண்ணி" என்று கேட்ட பிள்ளை, இரண்டாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டான். அழுகிறான், ஆனால் ஒரு சொல் வரவில்லை. கை தளர்ந்து கிடந்தது. கேட்டவரெல்லாம் "வந்துரும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இதற்கு செரிபெல்லர் மியூட்டிசம் என்று பெயர் உண்டு என்பதையும், சிறுமூளையின் நடுப்பகுதியில் அறுவை செய்யும்போது இது தெரிந்த பின்விளைவுதான் என்பதையும், பேச்சு பெரும்பாலும் திரும்பும், ஆனால் சில நாள்களோ சில மாதங்களோ ஆகலாம் என்பதையும் நான்காம் நாள் வந்த பேச்சுப் பயிற்சியாளர்தான் உட்கார்ந்து சொன்னார். அவனுக்கு இருந்த மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வகைக் கட்டியில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இது நேர்கிறது. ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திட்ட பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தயிர்சாதத்துக்கு எங்களைத் தயார்ப்படுத்தியவர்கள் இதற்குத் தயார்ப்படுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்த இரண்டு இரவுகளும் என் பிள்ளையின் மூளை போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பணப் பிரிவைப் பற்றியும் ஒரு சொல். அவன் பேசாமல் கிடந்த அந்த மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்குக் கூடுதல் முன்பணம் கேட்டு அழைத்தார்கள். காப்பீட்டு அனுமதி தாமதமானது எங்கள் தவறில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் அந்த உதவி நீங்கள் சேரும் மருத்துவமனையில் செல்லுமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் மிச்சம் தெரியவில்லை. திசுப் பரிசோதனை முடிவைத் தனி அறையில், கதவைச் சாத்தி, எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். நான்காம் தரக் கட்டி, அதாவது மிகத் தீவிரமான புற்றுக்கட்டி, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 அமர்வுகள் கதிர்வீச்சும் பிறகு கீமோவும் வேண்டும் என்பதை மறைக்காமலும் அவசரப்படாமலும் சொன்னார்கள். நாங்கள் அழுது முடிக்கும்வரை அந்த மருத்துவர் எழுந்து போகவில்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். 23ஆம் நாள், வீட்டில், கிசுகிசுப்பாகத் தன் தங்கையின் பெயரைச் சொன்னான். இப்போது இழுத்து இழுத்து வாக்கியமாகப் பேசுகிறான், சுவரைப் பிடித்து நடக்கிறான். பேச்சு நின்றுபோகலாம் என்பதைத் தமிழில் ஒரே ஒரு பக்கமாக அச்சிட்டு, அறுவைக்கு முன்பே பெற்றோர் கையில் கொடுக்கும்படி அந்தப் பிரிவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அந்தத் தாள் வந்துவிட்டதா என்று நேரில் கேட்பேன்.