ஹெரால்டு எஞ்சினுக்கு இன்ச் போல்ட்: சென்னையில் எங்கே, யாரிடம்

பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சினை இந்த விடுப்பில் பிரித்துக் கட்டினோம். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் போன்ற மெஷின் வேலையெல்லாம் சென்னையில் தடங்கல் இல்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது போல்ட்டும் நட்டும் ஸ்டட்டும் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள போல்ட்) தான். விடுப்பை எண்ணிக்கொண்டு ஊருக்கு வந்து பழைய வண்டியில் கை வைக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வெளிவந்த வண்டி. 1961 முதல் மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் அதைக் கட்டியது. 948 சி.சி. எஞ்சின், எல்லாம் இன்ச் மரை. 1988இல் அந்த நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றைய பட்டறைகளில் கைக்கு எட்டுவது எம்.எம். போல்ட் மட்டுமே. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், எம்8 போல்ட் பார்வைக்கு அதே தடிமன்தான். ஆனால் 5/16 ஃபைன் மரையில் அங்குலத்துக்கு 24 புரி, எம்8இல் ஏறக்குறைய 20. முதல் இரண்டு புரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பிறகு இறுகும். அவசரக்காரர் ஸ்பானரைப் போட்டு இழுத்தால் பிளாக்கின் மரை போய்விடும். எங்கள் பிளாக்கில் முன்பு யாரோ சில ஓட்டைகளில் மரை வெட்டும் எம்8 டேப்பையே ஓட்டியிருந்தார்கள். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு ஓட்டையையும் சோதித்து, எது இன்ச், எது எம்.எம். என்று பெயின்ட் மார்க்கரால் எழுதிவைத்தோம்.

முதலில் போனது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கினால் நடைதூரம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். கடைக்காரர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் அங்கே எல்லாம் வண்டியின் பெயர், வருடம், பார்ட் நம்பர் என்றுதான் ஓடுகிறது. ஹெரால்டு என்றதும் ஒருவர் சிரித்த முகத்தோடு, “எங்கப்பா கல்லாவில் இருந்த காலத்துல வித்தது சார்” என்றார். கேஸ்கெட் விசாரிக்க நல்ல இடம், போல்ட்டுக்கு இல்லை.

புதுப்பேட்டையில் கதை வேறு. பிரித்த எஞ்சின்களின் போல்ட்டுகள் டப்பா டப்பாவாகக் குவிந்திருக்கின்றன. பொறுமையாகத் துழாவினால் தலையில் பழைய எழுத்துப் பொறித்த அசல் இன்ச் போல்ட்டுகள் கிடைக்கும். டைமிங் கவர், வாட்டர் பம்ப், பெல் ஹவுசிங் போன்றவற்றுக்கு அவற்றை மனநிறைவோடு வாங்கினேன். கான்ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு), மெயின் பேரிங், ஹெட் ஆகிய மூன்றுக்கும் பழைய போல்ட் வேண்டவே வேண்டாம். ஒருமுறை எல்லை மீறி நீண்ட போல்ட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு உண்மையான உதவி கிடைத்தது பாரிமுனையில், ஐகோர்ட் மெட்ரோவுக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில். அங்கே ஒரு குறுகலான போல்ட் கடை. பெரியவர் ஒருவர் நான் நீட்டிய மாதிரியை வாங்கி, வண்டி பெயரைக் கேட்காமல், மேஜை டிராயரிலிருந்து புரி இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை எடுத்து மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். “இது யூ.என்.எஃப்., தம்பி. இது யூ.என்.சி. இந்த ஸ்டட்டுக்கு ரெண்டு முனையும் வேற வேற, பாத்தியா?” வார்ப்பிரும்பில் ஏறும் முனைக்குக் கோர்ஸ் மரை, அதாவது அகலப் புரி (யூ.என்.சி.), நட்டு ஏறும் முனைக்கு ஃபைன் மரை, அதாவது நெருக்கப் புரி (யூ.என்.எஃப்.). அப்படி ஒரு ஸ்டட்டைத் தலைகீழாக மாட்டப் பார்த்துப் பிளாக்கைக் கெடுப்பவர்கள் உண்டு. அடுத்து, எங்கே மாட்டப்போகிறாய், எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) என்று கேட்டார். கேட்ட பிறகுதான் எம்.எஸ். (சாதாரண எஃகு) போல்ட்டா, எச்.டி. (அதிக இழுவலிமை உள்ள எஃகு) போல்ட்டா என்று முடிவு செய்தார். இன்ச் போல்ட்டின் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, எம்.எம். போல்ட்டின் வலிமைக் கணக்கில் இவை தோராயமாக 8.8க்கும் 10.9க்கும் சமம். தயாரித்தவரின் முத்திரை தலையில் இல்லாவிட்டால் எண் எதுவாக இருந்தாலும் நம்பாதே என்றார். அது எவ்வளவு சரி என்பது எனக்குத் தெரியும்: வேறொரு கடையில் வாங்கிய, 8.8 என்று மட்டும் அச்சடித்த போல்ட் ஒன்று, டார்க் ரெஞ்ச் சொடுக்குவதற்கு முன்பே மெழுகுபோல் முறுக்கிக்கொண்டது.

பெரும்பாலான கடைகள் பெட்டியாகத்தான் தருவோம் என்கின்றன. இவர் ஐந்தும் ஆறுமாக எண்ணிக் கொடுத்தார், ஒவ்வொரு உறையிலும் அளவை எழுதி. இப்படி ஒரு கல்லாவுக்காக எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

கிடைக்காத மேனிஃபோல்ட் ஸ்டட்டுகளை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். எந்த ஸ்டீல் என்பதை நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ராக்கில் கிடக்கும் கம்பியில் செய்துவிடுவார்கள். நாங்கள் ஈ.என்.19 என்ற அலாய் ஸ்டீலைக் கேட்டோம். எக்ஸாஸ்ட் பக்கம் பித்தளை நட்டு போட்டால் துருப்பிடித்து ஒட்டாது, பின்னால் கழற்றுவது எளிது. பட்டறைப் பையன் அன்போடு எல்லாவற்றுக்கும் ஜிங்க் பிளேட்டிங் போட்டுத் தருகிறேன் என்றான். எச்.டி. போல்ட்டுக்கு அது ஆபத்து. ஆசிடிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்தால், முறையாகச் சூடேற்றி அதை வெளியேற்றாத பட்சத்தில், இறுக்கி வைத்த போல்ட் சில நாள் கழித்துத் தானாகவே ஒடியலாம். எண்ணெய் தடவிய கறுப்புப் போல்ட்டே போதும் என்று சொல்லிவிட்டோம்.

இந்த எஞ்சினில் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முன்பக்கம் சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) உட்காரும் சீலிங் பிளாக் அலுமினியம். அதில் மரை போகாத ஹெரால்டைப் பார்ப்பது அரிது. அதே பட்டறையில் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச்சுருள்) போட்டார்கள். சுத்தமான வேலை, காத்திருக்கும்போதே முடித்துக் கொடுத்தார்கள்.

பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் கான்ராடு போல்ட்டையும் ஹெட் ஸ்டட்டையும் அங்கேயே புதிதாக வாங்கி, செக்-இன் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் காரில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் அங்கே இன்னும் விற்பனையில் இருக்கின்றன. உங்கள் எஞ்சினின் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். மற்றதெல்லாம் சென்னையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைப் பக்கம் போகாதீர்கள், பெரும்பாலும் அடைத்திருக்கும். மாதிரி போல்ட்டோடு அது ஏறும் நட்டையும் கொண்டுபோங்கள். தேய்ந்த மரையை நட்டோடு வைத்துப் பார்த்தால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராது.

எஞ்சின் இப்போது ஓடுகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடி, முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி வரிசைப்படி டார்க் பார்க்க வேண்டும். அதற்கான டார்க் ரெஞ்சையும், வரிசை எண் எழுதிய தாளையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.