துணைவர் பேலியோவுக்கு மாறும்போது: கூடச் சேர்வதா, தட்டைப் பிரிப்பதா, மறுப்பதா?

வீட்டில் ஒருவர் அரிசியை நிறுத்திவிட்டுப் பேலியோவுக்கு மாறினால், சில நாள்களிலேயே "நீயும் கூடவே இரேன்" என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. கடந்த பத்தாண்டுகளில் தமிழ்க் குடும்பங்களுக்குள் பரவலாக நுழைந்த கண்டிப்பான உணவுமுறை இது. காலையில் ஊறவைத்து வறுத்த பாதாம் அல்லது வெண்ணெய் கலந்த தேநீர், மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியும் முட்டையும், இரவில் வயிறு நிறைய இறைச்சி அல்லது மீன், சைவர்களுக்குப் பன்னீர் என்று அது போகிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, கிழங்கு, பெரும்பாலான பழங்கள் ஆகியவை விலக்கு. இட்லி, சாம்பார், தயிர்சாதம் மூன்றுக்குமே இடமில்லாத ஒரு பட்டியலை ஒருவர் ஏற்கும்போது, மாவு அரைக்கும் நாள் முதல் விருந்தாளிக்கு என்ன செய்வது என்பது வரை அடுப்படியின் ஒழுங்கே மாறிவிடுவதால், மற்றவர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடிவதில்லை.

அந்த மற்றவருக்கு நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன: முழுமையாகச் சேர்ந்துகொள்ளலாம், ஒரு காலக்கெடு வைத்துச் சேரலாம், ஒரே சமையலை வைத்துக்கொண்டு தட்டை மட்டும் பிரிக்கலாம், இரண்டு சமையல் செய்யலாம், மறுத்துவிடலாம். ஒவ்வொன்றையும் உடலுக்கு அது என்ன செய்கிறது, அடுப்படியில் யார்மேல் சுமை ஏற்றுகிறது, இருவருக்கும் இடையில் எதை விட்டுச்செல்கிறது என்ற மூன்று கேள்விகளால் எடைபோடுவதே நியாயமான ஒப்பீடு என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வி மட்டும்தான், அதுவும் உணவுமுறையைத் தொடங்கியவரின் உடலைப் பற்றி மட்டுமே, கேட்கப்படுகிறது.

முழுமையாகச் சேர்வது

கூட வரச் சொல்லும் கோரிக்கையைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 3,722 இணையர்களைப் பற்றி 2015இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பதை நிறுத்துவதிலும் உடலுழைப்பைக் கூட்டுவதிலும் எடையைக் குறைப்பதிலும், துணைவரும் சேர்ந்து மாறும்போது வெற்றி வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று காட்டியது. ஏற்கெனவே நல்ல பழக்கத்தோடு இருக்கும் துணைவரைவிட, கூடவே மாறுகிற துணைவரே அதிகம் உதவினார். ஆகவே "தனியாக என்னால் முடியாது" என்று ஒருவர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது.

அதோடு, அரிசியைக் குறைக்கச் சொல்வதற்கும் நம் ஊரில் வலுவான காரணம் உண்டு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் 2025ஆம் ஆண்டு வெளியீடு, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதலோ, தானியங்களும் சிறுதானியங்களும் தரும் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்கிறது. ஆனால் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. ஒரு நாளைக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள் இருக்கச் சொல்லும் கண்டிப்பான முறைகளில், 200 கிராம் சோறு ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அவ்வளவு தூரம் போக ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். அதே காரணம் அவருடைய துணைவருக்கும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

முழுமையாகச் சேர்வதன் பெரிய இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது: ஒரு வீட்டில் வாழும் இருவருக்கும் உடல் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல. கணவர் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டிருக்க, மனைவி இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மருந்தளவைக் குறைக்காமல் சோற்றை நிறுத்திய அன்றே அவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது இன்னும் கவலைக்குரியது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாத நிலையிலேயே கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோ அமிலம் இரத்தத்தில் தேங்கி மருத்துவமனையில் சேரும்படி ஆகலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு, முதல் நாள்களில் உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். கருவுற்றிருப்பவர், பாலூட்டும் தாய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், முன்பு பட்டினிக்கும் அளவுமீறிச் சாப்பிடுவதற்கும் இடையில் அல்லாடித் துன்பப்பட்டவர் ஆகியோர் அன்பின் பேரில்கூட இதில் இறங்கக் கூடாது. இவற்றில் எதுவும் இல்லாதவருக்கும் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் சிலருக்கு வெகுவாக உயர்வதுண்டு. யாருக்கு உயரும் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட வரச் சொல்லும் வேகம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது, ஏனென்றால் அப்போது எடை இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், மாவுச்சத்து நின்றதும் அந்த நீர் வெளியேறி, தராசில் சில கிலோ குறைகிறது. அந்த உற்சாகத்தில் கேட்கப்படும் வாக்குறுதியை அந்த உற்சாகத்திலேயே கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

காலக்கெடு வைத்துச் சேர்வது

கார்த்திகையில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டால், பல தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் அசைவம் நின்றுவிடுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. மாலையைக் கழற்றும் நாள் ஒன்று உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதே அதற்கு முக்கியக் காரணம். பேலியோ கோரிக்கையில் அந்த நாள் குறிப்பிடப்படுவதில்லை. அதனால், உடல்நலத்தில் தடை ஏதும் இல்லாத துணைவர், ஒரு மண்டலம் மட்டும் கூட வருகிறேன் என்று நாள் குறித்துச் சொல்வது மரியாதையான வழி. தொடங்கியவருக்கு மிகவும் கடினமான முதல் வாரத்தில், தலைவலியும் சோர்வும் மலச்சிக்கலும் எரிச்சலும் சேர்ந்து வரும் நேரத்தில், துணை கிடைக்கிறது. கூட வருபவருக்கும் தன் உடல் இதை எப்படி ஏற்கிறது என்று தெரியவருகிறது.

இதன் பலவீனம், கெடு முடியும் நாளில் வெளிப்படும். "இவ்வளவு நாள் இருந்துவிட்டாய், இன்னும் கொஞ்சம் இரு" என்ற வேண்டுகோள் வரும். மறுநாள் காலை ஒருவர் தட்டில் இட்லி இருப்பதே துரோகம்போலத் தோன்றும். ஆகவே, திரும்பும்போது எதற்குத் திரும்புவோம் என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்: பழைய மூன்று வேளை அரிசிக்கா, மதியம் மட்டும் அளவான சோற்றுக்கா? இதைப் பேசாமல் கெடு மட்டும் வைப்பதைவிட, வைக்காமலே இருப்பது நல்லது.

ஒரே அடுப்பு, இரண்டு தட்டு

என் தேர்வு பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான். நம் சமையலில் சோறு தனியாகவும் அதனோடு சேர்பவை தனியாகவும் ஆவதால், இந்தப் பிரிப்புக்கு அது இயல்பாகவே இடம்கொடுக்கிறது. வறுத்த மீன், கோழி மிளகு வறுவல், முட்டைப் பொரியல், புடலங்காய், வெண்டைக்காய், முட்டைக்கோஸ் பொரியல்கள் எல்லாம் இரண்டு தட்டுக்கும் பொது. ஒரு தட்டில் சோறு உண்டு, மற்றதில் காய் இருமடங்கு. கீரையைப் பருப்பு சேர்க்காமல் பூண்டும் சீரகமும் போட்டு வேகவைத்துக் கடைந்து ஒரு கிண்ணம் எடுத்துவைத்த பிறகு, மிச்சத்தில் வெந்த பருப்பைக் கலந்துகொள்ளலாம். சாம்பாருக்குப் பதில் வாரத்தில் சில நாள்கள் அவியல் வைத்தால், அதில் தேங்காயும் தயிரும் காய்களும்தான். சேனையையும் வாழைக்காயையும் விட்டு, வெள்ளைப் பூசணியும் முருங்கைக்காயும் கூடுதலாகப் போட்டால் போதும். தாளிப்பில் உளுத்தம்பருப்பு விழக் கூடாது என்பதுபோன்ற நுணுக்கங்களில் மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. இரவில் இட்லி அவிக்கும் நேரத்திலேயே பக்கத்து அடுப்பில் ஆம்லெட் ஆகிவிடும்.

இந்த வழியை ஆதரிக்க மற்றொரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 130 இணையர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒருவர் மட்டுமே எடைக்குறைப்பில் இருந்தார். மற்றவர் எதிலும் சேரவில்லை. அப்படிச் சேராத துணைவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் எடையில் 3 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தார்கள். ஒருவர் மாறினால் வீட்டுக்குள் வரும் பொருள்களும் மேசைக்கு வரும் பண்டங்களும் மாறுகின்றன என்பதும், அந்த மாற்றம் மற்றவரையும் தானாகவே கொஞ்சம் இழுக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அதாவது, துணைவருக்குப் பயன் கிடைக்க அவர் ஒரே பட்டியலுக்குள் வந்தாக வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், ஒரே மேசையில் சுடுசோற்றின் மணத்தோடு உட்கார வேண்டியிருப்பது. புதிதாகத் தொடங்கியவருக்கு அது உண்மையிலேயே கடினம். முதல் சில வாரங்களுக்குப் பரோட்டா, பிரியாணி, மிக்சர் டப்பா போன்றவற்றையாவது வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, சோற்றை விடாதவர் செய்யக்கூடிய நேர்மையான விட்டுக்கொடுப்பு. செலவும் பேசப்பட வேண்டும். பாதாமும் பன்னீரும் இறைச்சியும் நாள்தோறும் ஒருவருக்கு என்றாலே மாத மளிகைக் கணக்கு கூடுகிறது, இருவருக்கு என்றால் பல நடுத்தரக் குடும்பங்களால் தாங்க முடியாது.

இரண்டு சமையல்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். இந்த நிலையில், கணவரின் உணவுமுறைக்காக மனைவி இரண்டாவது சமையலைத் தொடங்கினால், உணவுமுறை ஒருவருடையதாகவும் உழைப்பு மற்றவருடையதாகவும் ஆகிவிடுகிறது. உணவுமுறையை ஏற்றவரே தன் வேளைக்குரியதைச் சமைத்துக்கொண்டால் இது நல்ல ஏற்பாடு; இல்லையென்றால் ஐந்து வழிகளிலும் இதுவே மோசமானது. பல பெண்கள் கடைசியில் தாங்களும் பேலியோவுக்கு மாறுவது அதன்மீது நம்பிக்கை வந்ததால் அல்ல, இரண்டு முறை சமைத்துக் களைத்ததால்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

மறுப்பது

மறுப்பு, மேலே சொன்ன மருத்துவக் காரணங்கள் உள்ளவர்களுக்குக் கடமை, மற்றவர்களுக்கு உரிமை. ஆனால் எதை மறுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். "நீயும் கூடவே இரு" என்பதற்குள் பல கோரிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. என் முன்னால் முறுக்கைக் கொறிக்காதே என்பதாக இருக்கலாம். கல்யாணப் பந்தியில் உறவினர் "ஒரு நாள் சாப்பிட்டால் என்ன" என்று வற்புறுத்தும்போது என் பக்கம் நில் என்பதாக இருக்கலாம். என் நோயைக் கண்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம். இவை எதற்கும் சோற்றை விட வேண்டிய தேவை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணவர் மூன்றாம் முறையாகக் கேட்டபோது அந்த அம்மா சொன்னது இது: "ஏங்க, உங்களுக்கு வேண்டியதை எடுத்து வெச்சுடறேன். எனக்கும் சோத்தைக் குறைச்சுக்கறேன். ஆனா விட மாட்டேன். என் தட்டுல என்ன இருக்குன்னு மட்டும் தினமும் பேசாதீங்க." கணவர் சிறிது நேரம் கழித்து, "சரி, நீ தைராய்டு மாத்திரை போடறதை நான் யோசிக்கலை. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்" என்றார். அந்த மறுப்பில் மூன்று செய்திகளும் இருந்தன: உதவி உண்டு, ஓரளவு மாற்றம் உண்டு, கண்காணிப்பு வேண்டாம். வெறும் "என்னால் முடியாது" என்பதில் முதல் இரண்டும் விடுபட்டுப்போகின்றன. அதனால்தான் கேட்டவர் அதைத் தன்னையே மறுத்ததாக எடுத்துக்கொள்கிறார்.

மறுத்தவரைத் தொடர்ந்து குத்திக்காட்டுவதும், எடையைக் கேலி செய்வதும், கூட வராததை அன்புக்குறைவு என்று அளப்பதும் நடந்தால், அது உணவைப் பற்றிய பேச்சாக இனி இல்லை. குடும்பநல ஆலோசகரிடம் போக வேண்டிய பேச்சு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு நிபந்தனைகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலாவது, கூடச் சேர்பவர் தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் தன் சொந்த இரத்தப் பரிசோதனையைச் செய்து, மருந்து ஏதும் எடுப்பவரானால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, முடிவைத் தன் அறிக்கையை வைத்தே எடுக்க வேண்டும். துணைவரின் எண்கள் எவ்வளவு அழகாக இறங்கியிருந்தாலும் அவை இவருடைய எண்கள் அல்ல. இரண்டாவது, வளரும் பிள்ளைகளை இந்தப் பேரத்துக்குள் இழுக்கக் கூடாது. பெற்றோர் இருவரும் சோற்றைக் கைவிட்ட வீட்டிலும், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் டிபன் டப்பாவில் சாதமும் பருப்பும் பழமும் இருக்க வேண்டும், அதைச் சாப்பிடுவது தவறு என்ற சொல் அந்தப் பிள்ளையின் காதில் விழக் கூடாது.